இடது குழலில் இரும்புக் குண்டு

எனக்கு எண்பது வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதல் இரண்டும் என் வீட்டுக்காரருடைய தங்கை பிள்ளைகள். அவர்களையும் நான் பெற்றவர்களோடுதான் சேர்த்துச் சொல்வேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பசியோடு படுத்ததில்லை. அந்தச் சோற்றில் பாதி நான் வெட்டிய ரப்பர்ப் பால்மரத்தால் வந்தது, மீதி அவர் சுட்ட காட்டுப்பன்றியால் வந்தது.

பழைய துப்பாக்கியில் இரும்புக் குண்டு போடலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். போடக்கூடாது. நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, ஆனாலும் இதை அடித்துச் சொல்வேன். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் தோட்டம் மலேசியாவில் தம்பின் என்கிற ஊர்ப் பக்கம். எண்பதுகளின் கடைசியில் அங்கே பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனைக் கன்றின் குருத்து என்றால் பன்றிக்கு உயிர். இன்று நட்ட கன்று விடிவதற்குள் வேரோடு கிடக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் காட்டுக்கு மண்டோர், ஆட்களை வைத்து வேலை வாங்குகிற கங்காணி. அவரிடம் லைசென்ஸ் உள்ள ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பழைய வெள்ளைக்காரத் துரை ஊரோடு போகும்போது, போலீஸ் ஸ்டேஷனில் முறையாக எழுதி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. துரைக்கு அதை அவருடைய அப்பா கொடுத்தாராம். அப்படியென்றால் அதன் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துப்பாக்கி மூன்று துண்டாகக் கழலும். தோளில் வைக்கும் கட்டை ஒன்று, குழல் இரண்டும் சேர்ந்தது ஒன்று, குழலுக்கு அடியில் இடது கையால் பிடிக்கிற சின்னக் கட்டை ஒன்று. அந்தச் சின்னதை எங்கள் வீட்டில் கைக்கட்டை என்போம். அது இல்லையென்றால், தோட்டா போடத் திறந்ததும் குழல் கழன்று கையோடு வந்துவிடும்.

சுடுவது அவர் வேலை, துடைப்பது என் வேலை. காட்டிலிருந்து சேறும் அட்டையுமாக வருவார், குளிப்பார், தின்பார், படுத்துவிடுவார். கம்பியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி எண்ணெய் தொட்டு நான்தான் குழலுக்குள் விட்டு இழுப்பேன். துணி குழல் முழுக்க வழுக்கிக்கொண்டு போகும். வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் இறுகும். வலது குழலில் கொஞ்சம்தான் இறுகும். இடது குழலில் முக்கித்தான் தள்ள வேண்டும். ஏன் இப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். குண்டுகள் சிதறாமல் ஒன்றாகப் போவதற்காக வாயைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள், கிட்டத்தில் சுட வலது, தூரத்தில் சுட இடது என்று சொன்னார். எப்போதும் வலதைத்தான் முதலில் அமுக்குவார். அதிலேயே பன்றி விழுந்துவிடும். இடது குழலுக்கு வேலையே வைக்காதவர் என்று தோட்டத்தில் அவருக்கு ஒரு பெயர். பக்கத்து வீட்டுத் தம்பி, வேட்டையில் தகரம் தட்டிப் பன்றியைக் கலைக்கிறவன், "அண்ணனோட இடது குழல்ல குருவி கூடு கட்டியிருக்கும், பாருங்க" என்று கேலி செய்வான்.

எங்கள் தோட்டத்தில் கறி பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. சூடு பட்ட சப்பை, அந்தத் தொடைப் பக்கத்துக் கறி, சுட்டவன் வீட்டுக்கு. கேட்டால் மரியாதை மாதிரித் தெரியும். உண்மை வேறு. குண்டு கிடக்கிற கறியை எந்தப் பெண்ணும் தன் வீட்டுச் சட்டியில் ஏற்ற விரும்ப மாட்டாள். பிள்ளை கடித்தால் பல் போகும், விழுங்கினால் பயம். அதனால் சுட்டவனே வைத்துக்கொள்ளட்டும் என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆக, அந்தத் தோட்டத்தில் குண்டு பொறுக்கிய கை என் கைதான். கறியை விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துப் பால் டின்னில் போட்டு வைப்பேன். ஈயக் குண்டு எலும்பில் பட்டிருந்தால் தட்டையாகியிருக்கும், சதையில் நின்றிருந்தால் ஒரு பக்கமாவது நசுங்கியிருக்கும். உருண்டையாக ஒன்று வந்து நான் பார்த்ததில்லை. டின் நிறைந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து வாங்கிப் போவான். தூண்டில் நரம்பில் வைத்துப் பல்லால் ஒரு கடி கடிப்பான். ஈயம் நரம்பைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு தடவை சிரம்பானில் வழக்கமாக வாங்கும் கடையில் அவருக்கு வேண்டிய தோட்டா இல்லை. கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தாராம். அவருடைய மருமகன் புதிதாக வந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறான். இதுவும் பன்னிரண்டு நம்பர்தான், உங்கள் துப்பாக்கிக்குச் சேரும் என்று சொல்லியிருக்கிறான். பெட்டி மேலே பறக்கிற வாத்துப் படம் போட்டிருந்தது. நான் படத்தைப் பார்த்துவிட்டு, இது பன்றிக்கு உள்ளது இல்லை போலிருக்கிறதே என்றேன். இதில் இருப்பது இரும்புக் குண்டு, ஈயத்தைவிடக் கெட்டி, சேறு காய்ந்த பன்றித் தோலில் இதுதான் நன்றாக இறங்கும் என்று அவர் விளக்கினார். அந்த மருமகன் சொன்னதைவிட இவராகச் சேர்த்துக்கொண்டது அதிகம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனாலும் இரும்பு ஈயத்தைவிடக் கெட்டி என்பது சரிதானே, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த வாரமே புதுத் தோட்டாவால் ஒரு குட்டிப் பன்றியை வீழ்த்தினார். பக்கத்தில் வைத்து, வலது குழலில். சூடு பட்ட சப்பை வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தது. விரலால் தடவினேன். குண்டு வந்தது, முழு உருண்டையாக. எலும்பைப் பிளந்துகொண்டு உள்ளே நின்ற குண்டும் உருண்டையாகவே வந்தது. கழுவித் துடைத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. டின்னில் போட்டுவிட்டுக் குழம்பை வைத்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, என்னா குண்டு குடுத்தீங்க? கடிச்சேன், பல்லு தெறிச்சிருச்சு. குண்டு அப்படியே இருக்குலா."

அவன் கையிலிருந்த குண்டை வாங்கி அம்மிமேல் வைத்துக் குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஈயமாக இருந்தால் தோசை மாதிரி ஆகியிருக்கும். இது நசுங்கவில்லை. என் அம்மியில்தான் குழி விழுந்தது. இன்றைக்கும் அந்த அம்மி என் வீட்டுப் பின்வாசலில் கிடக்கிறது, யாரும் வந்து குழியைத் தடவிப் பார்க்கலாம்.

அப்போதுதான் எனக்குப் பிடிக்காமல் போனதன் காரணம் பிடிபட்டது. முன்பு ஒரு தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். மாவில் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது, சலித்ததில் தப்பியது. முறுக்கு உழக்கில் போட்டு அமுக்கினால் மாவு இறங்கவில்லை. இன்னும் பலம் கொடுத்து அமுக்கினேன். ஓட்டை போட்ட பித்தளைத் தட்டு வயிறு தள்ளிப் பிதுங்கிவிட்டது. மாவு மெத்து, ஓட்டை எவ்வளவு சின்னதானாலும் நெளிந்துகொண்டு போகும். கல் நெளியாது, தட்டுத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஈயம் மாவு, இரும்பு கல். குழலின் வாய் அந்த ஓட்டை. பன்றி எலும்பில் மோதியே நசுங்காத குண்டு, இடது குழலின் சுருங்கின வாயில் மட்டும் எப்படி நசுங்கும்? குழல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் குழலைப் பிடித்திருப்பது என் வீட்டுக்காரருடைய கை, அதற்குப் பின்னால் இருப்பது அவர் முகம்.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். முறுக்கு உழக்கையும் துப்பாக்கியையும் ஒன்றாகப் பேசியது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. சுட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே என்றார். நானும் வலது குழலைத் துடைத்துப் பார்த்திருந்தேன், அதில் ஒரு குறையும் இல்லை என்பதை ஒத்துக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் பெரிய கலைப்பு வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் ஆளை நிறுத்தி, தகரம் தட்டி, பன்றிக் கூட்டத்தையே வெளியே கொண்டுவருவதாக ஏற்பாடு. கூட்டமாக வந்தால் ஒரு குழல் போதாது, இடதையும் அமுக்கத்தான் செய்வார். கடைக்கு ஒரு தடவை போய்த் தவுக்கேயைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். இத்தனை வருஷம் சுட்டவன் கடையில் போய்ப் பாடம் கேட்பதா என்று கோபம் வந்துவிட்டது. அதற்கு மேல் நான் வாயாடவில்லை.

கலைப்பு நாள் காலையில் எனக்குப் பால்வெட்டு. கிளம்பும்போது துப்பாக்கி உறையைத் திறந்து கைக்கட்டையை மட்டும் எடுத்தேன், துணியில் சுற்றிப் பால் வாளிக்குள் வைத்தேன், நான் பால் வெட்டும் மர நிரைக்குப் போய்விட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் அவருடைய மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் பக்கத்து வீட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான். அவர் இறங்கி வந்து கையை நீட்டினார். நான் மரத்தில் கோடு இழுத்து முடித்த பிறகுதான் திரும்பினேன்.

"எடு."

"எதை?"

"விளையாடாத. ஆளுங்கல்லாம் தகரத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறானுங்க."

"நிக்கட்டும். காலு வலிச்சா உக்காருவாங்க."

"போலீஸ்காரனுக்குத் தெரிஞ்சா என்னா ஆகும் தெரியுமா? துப்பாக்கிச் சாமான பால் வாளியில போட்டுக்கிட்டு சுத்துற."

"உங்களுக்குக் கையி போனா போலீஸ்காரனா வந்து சோறு ஊட்டப் போறான்? அன்னைக்குச் சுட்டது எந்தக் குழல்ல, சொல்லுங்க."

வலது என்று தம்பிதான் மெல்லச் சொன்னான். அவர் அவனைத் திரும்பி முறைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"துப்பாக்கியப் பத்தி உனக்கு என்னா தெரியும்? ஒரு தடவ சுட்டிருக்கியா?"

"சுட்டதில்ல. நீங்க ஒரு தடவ தொடச்சிருக்கீங்களா?"

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் மோட்டருக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் நிறுத்தவில்லை. வருஷக் கணக்காக அந்த வாயில் துணியை முக்கித் தள்ளுகிறவள் நான், அது எவ்வளவு இறுக்கம் என்று என் கைக்குத் தெரியும், நசுங்காத குண்டு அதில் எப்படி வெளியே போகும் என்று எனக்கு விளங்கும்படி சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

நீட்டிய கையை அவர் இறக்கினார். சொல்லத் தெரியவில்லை என்பதைவிட, இதுவரை அப்படி நினைத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் அந்த முகத்தில் தெரிந்தது. பொய் சொல்லிச் சமாளிக்கிற ஆள் இல்லை அவர். அதற்காகவே அவரோடு சண்டை போடலாம்.

"அண்ணே, அண்ணி சொல்றதுலயும் விஷயம் இருக்குலா. என் பல்லக் கேளுங்க" என்றான் தம்பி.

அன்றைக்குத் துப்பாக்கி இல்லாமலேயே கலைப்பு நடந்தது. தகரம் தட்டிப் பன்றிகளைக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கம் ஓட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மண்டோர் வீட்டில் மதுரை ஆட்சியாம் என்று யாரோ சொன்னதைத் தம்பி வந்து என்னிடம் ஒப்பித்தான். ஆட்சி நடக்கட்டும், கை இருக்கிறதே என்று நான் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஓய்வு நாளில் இரண்டு பேரும் சிரம்பானுக்கு பஸ் ஏறினோம். துப்பாக்கி உறையில், லைசென்ஸ் அவர் சட்டைப் பையில், கைக்கட்டை என் மடியில். பஸ்ஸில் அவர் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டார். நான் வேர்க்கடலை வாங்கி உரித்துக் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கித் தின்றார்.

தவுக்கே கடைக்குத் திரும்பியிருந்தார். எங்கள் துப்பாக்கியை அவருக்கு நன்றாகத் தெரியும், துரை காலத்திலிருந்தே. பாதி மலாயும் பாதி தோட்டத்துத் தமிழுமாகப் பேசுவார். பெட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். உடனே தலையை ஆட்டி, "தா போலே, தா போலே" என்றார். ஆகாது, ஆகாது என்று அர்த்தம். இதை யார் கொடுத்தது என்று கேட்டார். உள்ளே இருந்த மருமகன் அதற்குப் பிறகு நாங்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

ஒரு பித்தளை அளவுகோலைக் குழலின் வாயில் விட்டுப் பார்த்தார். வலதில் கொஞ்சம் சுருக்கம், இடதில் ரொம்பச் சுருக்கம் என்றார். அது எனக்கு அளவுகோல் இல்லாமலே தெரிந்ததுதான். எனக்குத் தெரியாத இரண்டு விஷயமும் சொன்னார். ஒன்று, எங்கள் குழலின் இரும்பு அந்தக் காலத்து மெல்லிசு. இந்தக் காலத்துத் துப்பாக்கியின் குழலை இரும்புக் குண்டுக்கென்றே கெட்டியாகச் செய்து, சோதித்து, முத்திரையும் அடித்து விடுகிறார்கள், அதில் போட்டால் குற்றமில்லை. இன்னொன்று, இந்தப் புதுத் தோட்டாவின் நீளம். சுட்டதும் அதன் மடித்த வாய் மலர்ந்து இன்னும் நீண்டுவிடும். மலர்ந்தால் எங்கள் பழைய குழலில் அதற்கு வைத்த இடம் பற்றாது, வெடி அங்கேயே முட்டிக்கொண்டு நெருக்கும். போடும்போது சிரமம் இல்லாமல் உள்ளே போகிறது என்பதாலேயே சேரும் என்று நினைத்துவிடக்கூடாது என்றார்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு குழலை எடுத்து என் முன்னால் வைத்தார். போர்டிக்சன் பக்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்ததாம், எங்களுடையது மாதிரியே பழசு. தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டு போனேன். வாய்க்குக் கொஞ்சம் முன்னால் வளையம் மாதிரி ஒரு வீக்கம், எலியை விழுங்கின பாம்பு மாதிரி. குழல் இரண்டையும் சேர்த்து வைத்திருந்த பற்றும் அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. இடது குழல்தான். நான் அதை என் வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தினேன். அவர் வலது கையை நீட்டவில்லை, குழலைப் பிடிக்கிற இடது கையால் தொட்டார். அந்த வளையத்தின்மேல் விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"அந்த ஆளு கையி?" என்று கேட்டார்.

"கையி தப்பிச்சது. எப்பவும் தப்பிக்கும்னு சொல்ல முடியாது. சில குழல் வீங்கும், சில குழல் கிழிஞ்சிரும்."

வலது குழலில் மட்டும் போட்டுத் தீர்த்துவிடலாமா என்று அப்போதும் கேட்டார். அவருடைய குணம் அது, எதிலும் ஒரு சந்து இருக்கிறதா என்று பார்ப்பார்.

"வலது அன்னைக்கு ஒண்ணும் சொல்லல" என்றார் தவுக்கே. "நாளைக்குச் சொல்லும்."

பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்போது வந்திருந்த ஈயத் தோட்டாவைக் கொடுத்தார். நான் மடியிலிருந்து கைக்கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். தவுக்கே அதையும் என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பிறகு கட்டையை எடுத்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"நீயே வச்சிக்க."

இவ்வளவுதான் சொன்னார். என் கல்யாணத்துக்குப் போட்ட நகையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக் கையில் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து கைக்கட்டை என் புடவைப் பெட்டியில்தான் இருந்தது. ஒவ்வொரு வேட்டைக்கும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். நானும் கொடுப்பதற்கு முன்னால் தோட்டாப் பெட்டியை வாங்கிப் பார்ப்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்து முடிக்கும்வரை நிற்பார்.

ஈயத் தோட்டாவோடு மறுபடி கலைப்பு வைத்தார்கள். அன்றைக்கு ஒரு பெரிய கொம்பன் பன்றி நேராக அவர் மேலேயே வந்ததாம். வலதில் சுட்டார், தவறிவிட்டது. அமுக்கினது இடதை. பன்றி அவருடைய காலடிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்ததாகத் தம்பி வந்து சொன்னான். சொல்லும்போது அவனிடம் கேலி எல்லாம் ஓடிப்போயிருந்தது. அன்று சூடு பட்ட சப்பையைக் கழுவும்போது ஒவ்வொரு குண்டும் நசுங்கி நசுங்கி வந்தது. அந்த நசுங்கல் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

பின்னாளில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பலருக்கும் சொல்லியிருக்கிறார். புதுத் தோட்டாவைப் பார்த்ததுமே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டதாகவும், தானே சிரம்பான் போய்த் தவுக்கேயிடம் விசாரித்ததாகவும் சொல்வார். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிடுவேன். ஆம்பிளை நாலு பேர் முன்னால் அப்படித்தான் சொல்ல முடியும். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் அவருக்கு ஒரு குறைச்சலும் வராது. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்றுதான் இதைப் பேத்தியிடம் சொல்லி எழுதவைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் துப்பாக்கி இப்போது என் மூத்தவன் பேரில் இருக்கிறது. நேற்றுப் போன் பண்ணினான். ஈயத் தோட்டா கிடைப்பதில்லையாம், கடையில் இரும்புதான் இருக்கிறதாம், ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்கிறான். அப்படியே அப்பனுடைய குரல். நான் சொன்னால் கேட்க மாட்டான், எழுதினதைப் படித்தால் கேட்பான்.

இவ்வளவு போதும்மா, பேனாவ வை. இப்ப மொதல்ல இருந்து படி, நானும் கேக்குறேன். இடது குழல் வர்ற எடத்துல அவசரப்படாம நிறுத்திப் படி. போன்ல உங்கப்பன் கேட்டுக்கிட்டு இருக்கான்.